கோடுகளால் காலங்கண்ட ழூவோ துப்ரேய்

கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தை அறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்குக் கோட்டுப்படங்களால் விடை கண்டவர் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் (1885-1945).

சைகோனில் பிறந்த இவர், புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நாளில் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றினார். பிரான்சு நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே பழைய தேவாலயங்களை வரைந்து, உறுப்புகளின் வடிவங்கொண்டு காலங்கணிக்கும் முறை வேரூன்றியிருந்தது. அரைவட்ட வளைவு முந்தியது; கூர்வளைவு பிந்தியது. இத்தகையதொரு பார்வை தமிழகக் கோயில்கள்மீது முறையாகப் படிந்தது துப்ரேயின் ஆய்வில்தான் எனலாம்.

கோபுரத்தின் உயரத்தில் அவர் மயங்கி நிற்கவில்லை. தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையை நோக்கினார். பல்லவர் போதிகை அலையலையாய் வளைந்தது. சோழர் போதிகை சாய்வாக வெட்டுண்டு நடுவே முனை நீண்டது. விசயநகரக் காலத்தில் அம்முனை மொட்டாய்க் கவிழ்ந்தது. நாயக்கர் காலத்தில் முதிர்ந்த பூவாய்த் தொங்கியது. கூட்டின் உச்சியும் அவ்வாறே மாறிற்று: பல்லவர் காலத்து மண்வெட்டி வடிவம் சோழர் காலத்தில் சிம்மமுகம் ஆயிற்று. இவற்றை வரிசையாக வரைந்து வைத்தபோது கல்லே காலம் சொல்லிற்று.

திருப்பணிகளில் ஈடுபட்டிருந்த சிற்பிகளை நாடி உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தமை இவர்தம் பெருமை. ஏட்டறிவினர் பலர் பொருட்படுத்தாத உளியறிவு அதனால் நூலேறியது. புதுப்பித்தல் என்னும் பெயரால் பழங்கற்கள் பெயர்க்கப்பட்ட காலத்தில் இது சிறுதொண்டன்று.

1914இல் வெளிவந்த தென்னிந்தியத் தொல்லியல் நூலில் பல்லவர், சோழர், பாண்டியர், விசயநகரம், மதுரை என ஐந்து காலங்களை வகுத்தார். 1931இல் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் பல்லவர் ஓவியங்களைக் கண்டறிந்தார். அரிக்கமேட்டின் உரோமானியத் தொடர்பை முதலில் உணர்ந்தவர்களுள் இவரும் ஒருவர். அரச மரபுகளின் பெயரால் கலையைப் பகுத்தமையும், வட்டார வேறுபாடுகளுக்குப் போதிய இடம் தராமையும் பின்னையோரின் திருத்தத்திற்கு உள்ளாயின. எனினும் திருத்தியோரும் அவரது போதிகைகளிலிருந்தே தொடங்கினர்.

காரைக்காலின் தேற்றரவு அன்னை ஆலயத்து வளைவையும், கயிலாசநாதர் கோயில் தூணையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பவர்க்குத் துப்ரேயின் வழி புலப்படும்.