சாத்தாத கதவு



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ், அனாடமி ஹால், வார்டன் என்று பழைய கதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம் பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனவே நம்மைப் போலவே மருத்துவ மாணவராக இருந்து, வகுப்புக்குச் சரியாகப் போகாமல் டிமிக்கி கொடுத்து, ஆனாலும் உலகம் மறக்காத ஒரு காரியம் செய்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் தாமஸ் ஜான் பர்னார்டோ. இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவர் மேல் எனக்கு ஈடுபாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, காலில் ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர் எங்கள் வார்டில் மூன்று வாரம் இருந்தார். புண் நன்றாக ஆறி வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில், தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை என்று வழக்கம்போல எழுதிக் கொடுத்தேன். விலாசம் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. பத்து நாள் கழித்து ஊருக்குப் போகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், அங்கே ஒரு தூணோரமாக அதே பெரியவர். கட்டு கறுத்துப்போய் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. கொடுத்த மருந்தில் தப்பு இல்லை. வீடே இல்லாத மனிதரிடம், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று எழுதிக் கொடுத்ததுதான் தப்பு.

இதே பாடத்தைப் பர்னார்டோவும் கற்றார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1845 ஜூலை 4-ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்து குடியேறி, கம்பளித்தோல் ஆடை வியாபாரம் செய்தவர். பையன் படிப்பில் பெரிய கெட்டிக்காரன் என்று சொல்வதற்கில்லை. இளம் வயதில் மதப்பற்று அதிகமாகி, சீனாவுக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. சீனாவுக்குப் போவதென்றால் வைத்தியம் தெரிந்திருந்தால் நல்லது என்பதால், மருத்துவம் படிக்க 1866-இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். நகரின் கிழக்குப் பகுதியில், வைட்சேப்பலில் இருந்த லண்டன் ஆஸ்பத்திரிதான் அவர் படித்த இடம்.

அவர் வந்த வருஷமே கிழக்கு லண்டனில் காலரா. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். தண்ணீர் கம்பெனி சரியாக வடிகட்டாத நீரைக் குழாயில் விட்டதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. இருபத்தோரு வயதுப் பையன், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். வீடு என்றால் நாம் நினைக்கிற வீடு இல்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம், சில அறைகளில் இரண்டு குடும்பம். அந்த அறைக்கும் வாடகை கொடுக்க முடியாதவர்கள் தெருவில். தாய் தகப்பன் போய்விட்டால் பிள்ளைகளும் தெருவில்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்துச் சொல்லிக் கொடுக்க, ஸ்டெப்னி பகுதியில் 1867-இல் ஒரு சின்னப் பள்ளி தொடங்கினார். ஒருநாள் இரவு பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகும் ஜிம் ஜார்விஸ் என்ற சிறுவன் மட்டும் கணப்படுப்புப் பக்கத்திலேயே நின்றானாம். வீட்டுக்குப் போகச் சொன்னால், வீடு இல்லை என்றான். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, எண்ண முடியாத அளவு இருக்கிறார்கள் என்று சொல்லி, நள்ளிரவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒரு சந்தைக் கொட்டகையின் கூரை மேல், கடும் குளிரில், கந்தலைப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள் பிள்ளைகள். பதினொரு பேர் என்று பர்னார்டோ பிற்பாடு சொல்வார். கதை சொல்வதில் அவர் கைதேர்ந்தவர், கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கமும் உண்டு. ஆனாலும் லண்டனில் தெருப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை.

சீனா மறந்துபோயிற்று. 1870-இல் ஸ்டெப்னி காஸ்வே என்ற தெருவில் ஒரு வீட்டை எடுத்து, பையன்களுக்கான விடுதி தொடங்கினார். ராத்திரி நேரத்தில் லாந்தர் விளக்கோடு சந்து பொந்தெல்லாம் தேடிப் போய், பீப்பாய்க்குள்ளும் பாலத்தடியிலும் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வருவார். முதலில் குளியல், பிறகு சூடாகச் சாப்பாடு, படுக்கை. தச்சு வேலை, செருப்புத் தைக்கிற வேலை என்று ஏதாவது ஒரு தொழிலும் கற்றுக் கொடுத்தார்கள்.

இங்கேதான் அந்தச் சம்பவம் வருகிறது. ஆரம்பத்தில் பர்னார்டோ கணக்குப் பார்க்கிற ஆள். கையில் உள்ள பணத்துக்கு எத்தனை படுக்கையோ அத்தனை பேருக்குத்தான் இடம், கடன் வாங்கக் கூடாது என்று வைத்திருந்தார். நமக்கும் அது நியாயமாகத்தானே படுகிறது? ஒருநாள் இரவு பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஜான் சோமர்ஸ் என்ற பதினோரு வயதுப் பையன் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். செம்பட்டை முடி என்பதால் அவனைக் கேரட் என்று கூப்பிடுவார்கள். இடம் இல்லை. அடுத்த படுக்கை காலியானதும் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சில நாட்களுக்குள் ஒரு பீப்பாய்க்குள் அந்தப் பையன் செத்துக் கிடந்தான். பசியும் குளிரும்தான் காரணம் என்று மரண விசாரணையில் முடிவானது.

நண்பர்களே, நம் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இந்த மாதிரி ஒரு முகம் மனசுக்குள் இருக்கும். பெரும்பாலும் நாம் அதை மறக்கப் பார்ப்போம். பர்னார்டோ மறக்கவில்லை. ஆதரவற்ற குழந்தை எதுவானாலும் இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற அறிவிப்பைக் கட்டடத்தின் மேல் எழுதி வைத்தார். ராத்திரி எந்நேரமும் கதவு திறந்திருக்கும். பிற்பாடு பல நகரங்களில் இதே மாதிரி, எப்போதும் திறந்த கதவு என்ற பெயரிலேயே சின்ன விடுதிகள் ஏற்பட்டன. அன்று தொடங்கிய கடன் அவர் சாகும்வரை தீரவில்லை, அது வேறு விஷயம்.

கதவைத் திறந்து வைத்ததும் உள்ளே வந்தவர்கள் யார்? நோயாளிகள்தான். நெஞ்சுச் சளி, கண் நோய், சொறி சிரங்கு, வளைந்த எலும்பு, பசியால் வற்றிய உடம்பு. புதிதாக வரும் பிள்ளையை டாக்டர் பார்த்த பிறகுதான் மற்ற ஏற்பாடுகள். உடல் ஊனமுள்ள குழந்தைகளையும் தீராத நோயுள்ள குழந்தைகளையும் மற்ற பல இல்லங்கள் சேர்க்கத் தயங்கிய காலத்தில் இவர் சேர்த்துக்கொண்டார். ஸ்டெப்னி காஸ்வேயிலேயே மகாராணியார் பெயரில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வந்தது. கைக்குழந்தைகளுக்காகக் கென்ட் மாவட்டத்தில் ஹாக்ஹர்ஸ்ட் என்ற ஊரில் 1886-இல் ஓர் இல்லம். இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் கூரை, சோறு, படுக்கை. அதற்குப் பிறகு மருந்து. இந்த வரிசையைத்தான் நான் அந்தப் பெரியவர் விஷயத்தில் தலைகீழாகச் செய்தேன்.

1873-இல் சைரி எல்ம்ஸ்லி என்ற பெண்மணியை மணந்தார். கல்யாணப் பரிசாக லண்டனுக்கு வெளியே பார்க்கிங்சைடில் ஒரு பெரிய வீடு கிடைத்தது. அதில் பெண் குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கினார்கள். ஒரே கட்டடத்தில் கும்பலாக வைத்தது சரிப்பட்டு வரவில்லை. எனவே 1876-இல் அதை ஒரு கிராமமாகவே மாற்றினார். சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு ஒரு தாய், அவர் பொறுப்பில் சில பெண் பிள்ளைகள். அவர்களுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் மார்ஜரி என்ற பெண், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. அந்தக் குழந்தையை வளர்த்த அனுபவமும், ஊனமுள்ள பிள்ளைகள் மேல் அவருக்கிருந்த அக்கறையை ஆழமாக்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. இன்னொரு மகள் சைரிதான் பிற்காலத்தில் எழுத்தாளர் சாமர்செட் மாமை மணந்தவர்.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மலர்க் கட்டுரை என்பதற்காக ஒருவரைத் தெய்வமாக்கிவிடக் கூடாது.

முதல் விஷயம் நமக்கெல்லாம் சிரிப்பு வரவழைப்பது. மனிதர் படிப்பை முடிக்காமலேயே பல வருஷம் டாக்டர் என்று போட்டுக்கொண்டார்! எதிரிகள் விடுவார்களா? நிதியைக் கையாள்கிறார், பிள்ளைகளைச் சரியாக நடத்தவில்லை, போலி டாக்டர், போலிப் படங்கள் என்று ஏகப்பட்ட புகார். அவசரமாக எடின்பரோவுக்கு ஓடிப் பரீட்சை எழுதி, 1876-இல் அறுவை மருத்துவர் தகுதியை வாங்கிவிட்டார். 1879-இல் அங்கேயே எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் கிடைத்தது. அரியர்ஸ் வைத்து முடித்த நண்பர்கள் மனம் தேறலாம். 1877-இல் நடுவர் விசாரணை நடந்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டார். ஆனால் நன்கொடைக்காக விற்ற முன்பு, பின்பு படங்களில், பிள்ளைகளின் உடையை வேண்டுமென்றே கந்தலாக்கிப் பிடித்தவை உண்டு என்று நடுவர்கள் கண்டித்தார்கள். நிஜமான துயரத்துக்கு வேஷம் தேவையில்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது விஷயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. உள்ளே வரக் கதவைத் திறந்து வைத்தவர், பெற்றவர்கள் திரும்பி வந்து கேட்டால் அதே கதவைச் சாத்தினார். குடிகாரத் தகப்பன், நடத்தை சரியில்லாத தாய் என்று அவரே முடிவு செய்து, பிள்ளையைத் தராமல் வெளிநாட்டுக்குக்கூட அனுப்பியிருக்கிறார். வழக்குகள் பிரபுக்கள் சபை வரை போய், 1891-லும் 1892-லும் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. 1882 முதல் அவர் கனடாவுக்கு அனுப்பத் தொடங்கிய குழந்தைகள் கணக்கு தனி. அவர் காலத்துக்குப் பிறகும் அது தொடர்ந்து, அவருடைய அமைப்பு மட்டும் அனுப்பியவர்கள் சுமார் 30,000 பேர். நல்ல காற்று, நல்ல பண்ணை, நல்ல வாழ்வு என்று நம்பித்தான் அனுப்பினார். சிலருக்கு அப்படியே அமைந்தது. பலர் கூலியாளாக உழைத்து, உறவை இழந்து, ஏங்கிப் போனார்கள். குழந்தைகளை இப்படிக் கடல் கடந்து அனுப்பியதற்காகப் பிரிட்டிஷ் அரசு 2010-இல் மன்னிப்புக் கேட்டது. கனடா நாடாளுமன்றம் 2017-இல் கேட்டது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வீடில்லாதவருக்கு யாருமே இல்லை என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். எங்கோ ஒரு அக்காவோ மகனோ இருக்கலாம். அவருக்கென்று ஒரு விருப்பமும் இருக்கலாம். அதைக் கேட்காமல் செய்கிற உபகாரம் பாதி உபகாரம்தான்.

ஓயாத உழைப்பால் அவர் இதயம் கெட்டுப்போனது. 1905 செப்டம்பர் 19-ஆம் தேதி, அறுபது வயதில் இறந்தார். அப்போது அவருடைய 96 இல்லங்களில் சுமார் 8,500 குழந்தைகள் இருந்தார்கள். அவர் வாழ்நாளில் ஆதரவு பெற்றவர்கள் ஏறக்குறைய 60,000 பேர் என்பார்கள். அனாதை இல்லங்கள் எல்லாம் பிற்பாடு மூடப்பட்டன. அவர் பெயரிலான அமைப்பு இப்போது குடும்பங்களோடு சேர்ந்து குழந்தைகளுக்கு உதவுகிறது. அதாவது, பெற்றவர்களையும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

நம் பெரியவர் கதை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்ப வார்டுக்கே கொண்டுவந்தேன். டியூட்டியில் இருந்த சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பெட் போட்டுக் கொடுத்தார். இந்த முறை கிளம்பும் முன்னால், எங்கே போகப்போகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். ஒரு தங்கை இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கார்டு போட்டோம். நாலாம் நாள் தங்கையின் மகன் வந்து அழைத்துக்கொண்டு போனான்.

இன்றும் வார்டில், ஓ.பி.யில், சொந்த கிளினிக்கில் இருக்கிற நண்பர்கள், முக்கியமாக இந்த வருஷம் ஹவுஸ் சர்ஜனாக நுழையும் தம்பி தங்கைகள், ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால், ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊசிக்கும் மாத்திரைக்கும் முன்னால் அந்தக் கேள்வி வரட்டும்.

வாழ்க நம் கல்லூரி! அடுத்த கூடலில் சந்திப்போம்.