சபூரோ விட்டுச் சென்ற கணக்கு

மருத்துவ வரலாற்று நூல்களில் காலராவுக்கும் பிளேக்குக்கும் காசநோய்க்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. குழந்தைகளின் தலையில் வட்ட வட்டமாக முடியை உதிர்க்கும் படர்தாமரைக்கோ ஓரிரு வரிகளே கிடைக்கும். அந்நோய் உயிரைப் பறிப்பதில்லை என்பதே காரணம். ஆனால், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை ஐரோப்பிய நகரங்களில் ஏழைக் குழந்தைகள் பலரின் பள்ளிப் படிப்பை அது பறித்துக்கொண்டிருந்தது.

அக்குழந்தைகளை மீட்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு தோல் மருத்துவர் ரேமோன் சபூரோ. உலகெங்கும் உள்ள நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் அவர் பெயர் தாங்கிய ஊடகத்தில்தான் இன்றும் பூஞ்சைகளை வளர்க்கிறார்கள். தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. அவருடைய வாழ்க்கை மருத்துவர்களுக்கு மட்டுமன்றி, பொதுப்பணத்தையும் பொதுநலத்தையும் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் பாடமாகும்.

1864-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரான்ஸின் மேற்கிலுள்ள நான்ட் நகரில் பிறந்தவர் சபூரோ. பாரிஸில் மருத்துவம் பயின்று, அந்நகரின் புகழ்பெற்ற செயின்ட் லூயி மருத்துவமனையில் எர்னெஸ்ட் பெஸ்னியே என்ற பேராசானிடம் தோல் நோயியல் கற்றார். பிளேக் நோயாளிகளுக்காக 1607-இல் மன்னர் நான்காம் ஹென்றி நிறுவிய அம்மருத்துவமனை, 19-ஆம் நூற்றாண்டில் தோல் நோய்களுக்கான உலகின் தலைமைப் பள்ளியாக வளர்ந்திருந்தது.

1888-இல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கு எமில் ரூ நடத்திய நுண்ணுயிரியல் வகுப்புகளில் சேர்ந்தார் சபூரோ. நோயாளியின் தலையை உற்றுநோக்கும் மருத்துவரின் கண்ணும், கிருமியைத் தனித்துப் பிரித்து வளர்க்கும் ஆய்வாளரின் கையும் ஒருவரிடமே அமைந்தன. அவருடைய பிற்கால வெற்றிகள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

அன்றைய சமூகச் சூழலையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்ஸில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. வகுப்பறைகள் நிரம்பின, தலைகள் நெருங்கின, தொப்பிகளும் சீப்புகளும் கைமாறின, தலைப் படர்தாமரை பரவியது. நோய்கண்ட குழந்தையைப் பள்ளியில் வைத்துக்கொள்ள இயலாது. ஆக, சட்டம் ஒரு கையால் உள்ளே அழைத்த குழந்தையை, சுகாதார விதி மறு கையால் வெளியே தள்ளியது. இத்தகைய குழந்தைகளுக்கென்றே செயின்ட் லூயி மருத்துவமனை வளாகத்தில் தனிப் பள்ளி ஒன்றை அமைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

சிகிச்சையோ கொடுமையானது. முற்காலத்தில் தலையில் சூடான கீல் பூசி, அது இறுகியதும் முடியோடு சேர்த்துப் பிய்த்தெடுத்தனர். பின்னர் சிறு இடுக்கியால் நோயுற்ற முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினர். நோய் தீர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று காலம் கழிந்தது. குணமாகித் திரும்பும் குழந்தையின் வயது வளர்ந்திருக்கும். படிப்பு நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

இந்நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்பதை 1841 முதல் 1844 வரை பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த அறிக்கைகளில் டேவிட் க்ரூபி என்ற மருத்துவர் எடுத்துரைத்திருந்தார். ஹங்கேரியிலிருந்து வந்த யூதரான அவரை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1890-களின் தொடக்கத்தில், சபூரோ தம் சொந்த ஆய்வின் வழியே அதே முடிவுகளை வந்தடைந்தார். க்ரூபியின் பழைய அறிக்கைகளைக் கண்டதும், முதல் உரிமை அவருக்கே உரியது என்று ஒப்புக்கொண்டார். முதுமையில் இருந்த க்ரூபிக்கு உயிரோடு இருக்கும்போதே அந்த நீதி கிடைத்தது. கண்டுபிடிப்பின் புகழுக்காக அறிஞர்கள் போட்டியிடும் உலகில் இது சிறிய செயலன்று.

படர்தாமரை ஒரே நோயன்று, பல பூஞ்சைகள் விளைவிக்கும் பல நோய்கள் என்பதை நிலைநாட்டியதே சபூரோவின் பெரும் பங்களிப்பு. முடி, நகம், மேல்தோல் ஆகிய மூன்றிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை உண்டு வாழும் இனங்கள் அவை. சில மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுபவை. சில பூனை, கன்று, குதிரை போன்ற விலங்குகளிடமிருந்து தொற்றுபவை. எந்தப் பூஞ்சை என்று தெரிந்தால்தான், குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டுமா, வீட்டு விலங்கைக் கவனிக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே பூஞ்சை, உண்ணும் உணவுக்கு ஏற்ப வெவ்வேறு நிறமும் வடிவமும் காட்டியது. பாரிஸில் ஒருவர் வளர்த்ததும் வேறு நகரில் இன்னொருவர் வளர்த்ததும் ஒன்றா, வேறா என்று சொல்ல இயலவில்லை. சபூரோ இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. மால்ட்டோஸ் சர்க்கரை, பெப்டோன், அகார் ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்து ஒரு சோதனை ஊடகத்தை வகுத்தார். எந்தத் தயாரிப்பாளரின் சர்க்கரை, எவருடைய பெப்டோன் என்பதைக்கூட வரையறுத்தார். எல்லோரும் ஒரே உணவை அளித்தால் எல்லோரும் ஒரே உருவத்தைக் காண்பார்கள் என்பதே அவர் கருத்து.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது சந்தையின் எடைக்கற்களை நினைவூட்டுகிறது. படிக்கல் ஊருக்கு ஊர் மாறினால் வணிகம் நடக்காது. பொது அளவுகோல் இன்றேல் அறிவியலும் நடக்காது. பின்னாளில் மால்ட்டோஸின் இடத்தில் குளுக்கோஸ் வந்தது. அமிலத்தன்மையும் அளவுகளும் திருத்தப்பட்டன. ஆயினும் அவர் பெயர் நிலைத்தது.

அடுத்து வந்தது சிகிச்சை. ராண்ட்ஜென் 1895-இல் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் முடியை உதிர்க்கும் என்பது விரைவிலேயே தெரிந்தது. ஆனால், அளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் தோல் வெந்து, நிரந்தர வழுக்கை ஏற்படும். 1904-இல் ஆன்ரி நுவாரே என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, கதிரின் அளவுக்கு ஏற்ப நிறம் மாறும் சிறு வில்லை ஒன்றைச் சபூரோ பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். வில்லை குறிப்பிட்ட நிறத்தை அடைந்ததும் கருவியை நிறுத்திவிட வேண்டும். மூன்று வாரங்களுக்குள் முடி உதிரும். அதனோடு பூஞ்சையும் போகும். சில மாதங்களில் புதுமுடி முளைக்கும். ஒன்றரை ஆண்டு நீடித்த சிகிச்சை சுமார் மூன்று மாதங்களாகச் சுருங்கியது. மருத்துவமனையின் செலவு குறைந்தது. குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினர். உலகமே இம்முறையை வரவேற்றது.

தலை நோய்கள் குறித்துப் பல தொகுதிகளாக விரிந்த அவருடைய நூல்வரிசையில், 1910-இல் வெளிவந்த படர்தாமரை பற்றிய பெருநூல் நீண்ட காலம் இத்துறையின் வேதமாக விளங்கியது. அவர் தேர்ந்த சிற்பியாகவும் அறியப்பட்டவர். தவறாத மேதை என்று அவரைப் போற்ற வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாழும் ஒரு நுண்கிருமியே வழுக்கைக்கும், நாம் புழுவெட்டு என்று அழைக்கும் திட்டு முடியுதிர்வுக்கும் காரணம் என்று அவர் வாதிட்டார். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. புழுவெட்டில் புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே முடியின் வேரைத் தாக்குகிறது என்பது இன்றைய அறிவு. 1938 பிப்ரவரியில், தமது 73-ஆம் வயதில், சபூரோ பாரிஸில் காலமானார்.

கணக்கு அத்துடன் முடியவில்லை. அவர் மறைந்த பின்னரும் இருபது ஆண்டுகள் கதிர்வீச்சு முறை தொடர்ந்தது. இஸ்ரேல் நாடு உருவான பின், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பெருமளவில் இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களுள் சுமார் 11 ஆயிரம் பேரின் பதிவேடுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்த பாரூக் மோடானும் அவருடைய குழுவினரும் 1974-இல் முடிவுகளை வெளியிட்டனர். கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களிடம் மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தன. நியூயார்க்கில் இதே சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் கதிர்வீச்சின் பின்விளைவுகளை உறுதிசெய்தது. 1994-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. 1958-இல் பூஞ்சை ஒன்றிலிருந்தே பெறப்பட்ட கிரிசியோஃபுல்வின் என்ற மாத்திரை பயன்பாட்டுக்கு வந்து, கதிர்வீச்சின் தேவையையே நீக்கியிருந்தது.

இதற்காகச் சபூரோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் கேட்டினை 1904-இல் எவரும் அளந்திருக்கவில்லை. அவர் கண்ணெதிரே இருந்தது, பள்ளி வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட குழந்தை. நன்மை மூன்று மாதத்தில் தெரிந்தது. தீமை பல ஆண்டுகள் கழித்து, வேறொரு மருத்துவரிடம், வேறொரு நோயின் பெயரில் வந்து நின்றது. இன்றைய ஆதாயத்தை முழு மதிப்பிலும், நாளைய இழப்பைக் குறைந்த மதிப்பிலும் எழுதும் கணக்கு முறை பொருளாதாரத்துக்கு மட்டும் உரியதன்று. இஸ்ரேலில் உண்மை வெளிவந்ததற்குக் காரணம் பழைய பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருந்தமையே. பதிவேடு இல்லாத இடங்களில் அதே குழந்தைகள் அதே துன்பத்தை அடைந்திருப்பர். எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் இன்று படர்தாமரை மீண்டும் பெருகியுள்ளது. மருத்துவரின் சீட்டின்றி மருந்துக் கடையில் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும். பூஞ்சையோ உள்ளே செழித்துப் பரவும். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சை இனமொன்றுக்கு, 2020-இல் இந்தியாவின் பெயரையே தாங்கிய அறிவியல் பெயர் சூட்டப்பட்டிருப்பது நமக்குப் பெருமை சேர்ப்பதன்று. உடனடி நிவாரணத்துக்கு நாம் தரும் விலையை நாளை வேறொருவர் செலுத்துகிறார் என்பதை இது மறுபடியும் உணர்த்துகிறது.

சீட்டின்றி இக்களிம்புகளை விற்பதை அரசு கண்டிப்புடன் தடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து தோல் மாதிரிகளை மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பூஞ்சையை இனங்காணும் ஏற்பாடும், புதிய சிகிச்சை பெறுவோரை நீண்ட காலம் பின்தொடரும் பதிவேடும் தேவை. இவை பெரும் செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. சபூரோவின் ஊடகம் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. அவருடைய கதிர்வீச்சு முறை கைவிடப்பட்டுவிட்டது. அளந்து, ஒப்பிட்டு, எவரும் சரிபார்க்கத்தக்கதாக அமைந்தது நிலைத்தது. பின்விளைவைச் சரிபார்க்க வழியின்றிப் பரவிய முறைக்கு உரிய விலையை, சிகிச்சை பெற்ற குழந்தைகளே செலுத்தினர்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).