டிவிஎஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மனுஷர்

காலேஜ் பார்க்கிங்கில் ஒரு ரவுண்டு போனீங்கன்னா டிவிஎஸ்னு எழுதின வண்டி ஒண்ணாவது கண்ணில் படும். அது ஒரு மனுஷரோட பெயர்: திருக்குறுங்குடி வெங்கராம் சுந்தரம் ஐயங்கார்.

1877-ல் பிறந்தார். வக்கீல் தொழில், அப்புறம் ரயில்வே, அப்புறம் பேங்க். நம்ம வீட்டுல எந்த வேலைக்குப் போகச் சொல்றாங்களோ, கிட்டத்தட்ட எல்லாமே அவர் கையில் இருந்தது. அதையெல்லாம் விட்டுட்டு, 1911-ல் மதுரையில் கம்பெனி தொடங்கி பஸ் விடப் போனார். வயசு 34, பிள்ளைகுட்டிக்காரர். சாலையில் பெரும்பாலும் மாட்டுவண்டி போன காலம் அது.

அப்போ பஸ் முழுசா வராது. சேஸிஸும் இன்ஜினும் கப்பலில் வரும். கூரை, பக்கப் பலகை, சீட் எல்லாம் இங்கேயே தச்சு வேலை. மதுரை வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்குற மாதிரி மரமும் துணியும் பார்த்துப் போடணும். இன்னைக்கு நாம காருக்கு இன்டீரியர் மாத்துறது ஆசைக்கு; அன்னைக்கு அது இல்லாட்டி பஸ்ஸே கிடையாது. அவர் பஸ் நேரம் தவறாது, அதை வச்சு ஊர்க்காரங்க கடிகாரம் சரிபண்ணுவாங்கன்னு மதுரைப் பெரியவங்க சொல்வாங்க.

பெரிய அடி இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942-ல் ஜப்பான் மலேயாவையும் பர்மாவையும் பிடிச்சதும் ரப்பரும் பெட்ரோலும் தட்டுப்பாடு. பஸ் கம்பெனிக்கு இது ரெண்டும் போனா மிச்சம் என்ன? மூடி வச்சிருக்கலாம். அவர் கரி கேஸ் பிளான்ட் செய்தார். குறைஞ்ச காற்றில் கரியை எரிச்சா கார்பன் மோனாக்சைடு வரும். அதை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பணும். பவர் குறையும், ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், ஆனா வண்டி ஓடும். தெர்மோ பேப்பரில் பக்கம் பக்கமா எழுதுறோமே, அதுதான் அங்கே ரோட்டில் ஓடிச்சு. டயருக்கு ரீட்ரெடிங் ஃபேக்டரி போட்டார்: தேஞ்ச மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, சூட்டில் வேகவைக்கிற வேலை. என்னைக் கேட்டா, அவர் செஞ்சதிலேயே பெரிய இன்ஜினியரிங் இதுதான்.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் கம்பெனிகளும் அவர் தொடங்கினதுதான். பொறுப்பை மகன்களிடம் விட்டுட்டு ஒதுங்கிட்டார். 1955-ல் காலமானபோது சதர்ன் ரோட்வேஸ் பெயரில் பஸ்ஸும் லாரியும் ஓடிட்டிருந்தது. நாம ஓட்டுற டூவீலர் எதையும் அவர் பார்த்ததில்லை. ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தது 1980-ல்.