தனிமைக்கு அஞ்சிய அகராதியாசிரியர்

இலண்டன் மாநகரத்தில் பிளீற் வீதிக்கு வடக்கே, ஒடுங்கிய ஒழுங்கைகளைத் தாண்டிச் சென்றால் கொஃப் சதுக்கம் என்றொரு சிறு முற்றம் வரும். அங்குள்ள 17ஆம் இலக்க வீட்டை இன்று நூதனசாலையாகப் பேணி வருகின்றனர். 1755ஆம் ஆண்டு வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ஆங்கில அகராதி பிறந்த வீடு அது. அந்த அகராதியை ஆக்கிய கலாநிதி சாமுவேல் ஜோன்சன் கந்தோருக்குப் போய் வேலை பார்த்தவர் அல்லர். வீடே அவருக்குத் தொழிற்கூடம். உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் இப்படி வாழ்வது நம்மவர் பலருக்கும் பழகிப்போன விடயம். அப்படி வாழ்வோரைப் பீடிக்கும் இரண்டு தொல்லைகளை, அதாவது தனிமையையும் விட நினைத்தும் விட முடியாத பழக்கங்களையும், ஜோன்சனைப் போல அனுபவித்தவர் எவரும் இலர் எனலாம். அவருடைய கல்விப் புகழைப் பலரும் அறிவர். இந்த மறுபக்கத்தை அறிந்தோர் குறைவு.

1709ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் லிச்ஃபீல்ட் என்னும் ஊரில் புத்தக வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் கண்டது. ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை, காதும் மந்தம், முகமெல்லாம் தழும்பு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பணமின்மையால் 13 மாதங்களில் படிப்பை விட்டு வீடு திரும்பினார். அப்போது, 1729இல், அவரைப் பெரும் மனச்சோர்வு பற்றிக்கொண்டது. ஊர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். ஆனால் மணி என்னவென்று மனதில் பதியாதாம். லிச்ஃபீல்டிலிருந்து பேமிங்ஹாமுக்கு நடந்து போய்த் திரும்பவும் நடந்தே வருவார். போக வர ஏறத்தாழ 30 மைல். உடல் களைத்தால் மனம் அடங்கும் என்பது அவர் கண்ட வைத்தியம். புத்தி பேதலித்துவிடுமோ என்ற அச்சம் அன்று தொடங்கியது, வாழ்நாள் முழுவதும் விட்டு விலகவில்லை.

அவருடைய முதல் நூலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது சொந்த ஆக்கமன்று, மொழிபெயர்ப்பு. எத்தியோப்பியாவுக்குச் சென்ற போர்த்துக்கேய யேசுசபைக் குருவாகிய லோபோ அடிகளாரின் பயண நூல் அது. வேலையை ஒப்புக்கொண்டவர் சோம்பிப் படுத்துவிட்டார். நண்பர் எட்மண்ட் ஹெக்டர் கட்டிலருகே அமர்ந்து எழுத, இவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல அந்நூல் முடிந்து 1735இல் வெளிவந்தது. கூலி ஐந்து கினி. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் வேலை ஓடும் என்பதற்கு அதுவே முதற் சாட்சி.

அதே ஆண்டில் எலிசபெத் போட்டர் என்னும் விதவையை மணந்தார். மாப்பிள்ளைக்கு 25 வயது, மணமகளுக்கு 46. ஊர் சிரித்தது. ஆனால் அவர் அம்மாதின்மீது வைத்த அன்பு கடைசிவரை குன்றவில்லை. இருவரும் தொடங்கிய பாடசாலைக்கு மாணாக்கர் சேராததால் 1737இல் இலண்டனுக்குப் பிழைப்புத் தேடிப் போனார். 1746இல் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து, ஆங்கில அகராதி ஒன்று ஆக்கித் தரும்படி 1,575 பவுணுக்கு ஒப்பந்தம் செய்தனர். அந்தப் பணத்தை நம்பித்தான் கொஃப் சதுக்கத்து வீட்டுக்குக் குடிபோனார்.

வீட்டின் உச்சிப் பரணில் வேலை நடந்தது. ஜோன்சன் புத்தகங்களை வாசித்து, வேண்டிய சொல்லின் கீழே பென்சிலால் கோடிட்டு, அதன் முதலெழுத்தை ஓரத்தில் குறிப்பார். ஆறு உதவியாளர்கள் அந்த வாக்கியங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதிச் சேர்ப்பர். வந்த விருந்தினருக்கு நல்ல கதிரையைக் கொடுத்துவிட்டு, மூன்று காலும் ஒரு கையும் மட்டுமே எஞ்சிய கதிரையில் தாம் சமநிலை பிடித்து உட்காருவாராம். மூன்று ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. இடையில் வாரம் இருமுறை ஒரு கட்டுரைத் தாளையும் நடத்தினார். காலந்தாழ்த்துவதன் தீமையைப் பற்றிய கட்டுரையையே, அச்சகப் பையன் வாசலில் காத்து நிற்க, கடைசி நேரத்தில் கிறுக்கிக் கொடுத்தார் என்பர்.

1752 மார்ச்சில் மனைவி இறந்தார். அகராதி பாதியில் நின்றது. வீட்டின் எந்த அறைக்குப் போனாலும் அவர் நினைவு. அவரைக் காணாத ஒரே இடம் பரண் என்பதால் ஜோன்சன் அங்கேயே அடைந்து கிடந்தாரென்று சொல்லப்படுகிறது. இறந்த மனைவிக்காக ஆண்டுதோறும் செபம் செய்துவந்தார். ஜோன்சன் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்; இறந்தோருக்காக மன்றாடுவது அச்சபையாரிடையே வழக்கமன்று. ஆதலால் இது முறையாயின் ஏற்றருளும் என்ற கருத்துப்பட, அச்சத்தோடுதான் செபிப்பார். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய நமது போதனையைப் பரிகசிப்பவர்களோடு அவர் சேர்ந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இனி அவருடைய பழக்கங்கள். தெருவில் போகும்போது ஓரத்திலுள்ள தூண்கள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டு போவார். ஒன்றைத் தவறவிட்டால் திரும்பி வந்து தொட்டுவிட்டே நடப்பார். வாசலைக் கடப்பதற்கு இத்தனை அடி, இந்தக் கால் முன்னே என்று கணக்கு உண்டு. கணக்குப் பிழைத்தால் பின்வாங்கி மறுபடி தொடங்குவார். கண் தெரியாத அன்னா வில்லியம்ஸ் அம்மையாரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும்போதும், அவரைப் படியில் தடவித் தவிக்க விட்டுவிட்டு, வாசலில் நின்று சுழன்று காலை அளந்துகொண்டிருப்பார். பேசாதிருக்கும் வேளைகளில் தலை ஆடும், உடல் முன்னும் பின்னும் அசையும், வாய் ஏதோ முணுமுணுக்கும். தோடம்பழத் தோலைச் சேர்த்துக் காயவைத்துச் சுரண்டிப் பத்திரப்படுத்துவார். ஏன் என்று கேட்ட நண்பர் பொஸ்வெலுக்குக் காரணத்தைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

புகழ்பெற்ற ஓவியர் ஹோகார்த் ஒரு வீட்டில் ஜன்னலோரம் நின்று ஆடிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டு, உறவினர் பராமரிப்பில் விடப்பட்ட புத்தி சுவாதீனமற்றவர் என்றே எண்ணினார். அந்த மனிதர் திடீரெனத் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டபோது, அவருடைய நாவன்மையைக் கண்டு ஹோகார்த் திகைத்துப்போனார். அவர்தான் ஜோன்சன். 1885இல் பிரெஞ்சு மருத்துவர் துறேற் விவரித்த நரம்புக் கோளாறே இவருக்கு இருந்திருக்கும் எனப் பிற்கால மருத்துவர் பலர் கருதுகின்றனர். அக்காலத்தில் அதற்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனால் ஓவியர் றெனோல்ட்ஸ் ஓர் உண்மையைக் கவனித்தார். உரையாடலில் மனம் ஈடுபட்டிருக்கும்வரை இந்த அசைவுகள் ஓய்ந்துவிடும். பேச்சு முடிந்து தன் எண்ணங்களோடு தனித்து விடப்பட்டால் மீண்டும் தொடங்கிவிடும். எனவே ஜோன்சன் ஆட்களைத் தேடி ஓடியதில் வியப்பில்லை. நண்பர் வீட்டிலிருந்து எழுந்துபோக மனமின்றி நடுச்சாமம் வரை உட்கார்ந்திருப்பார். பின்னிரவில் வீடு திரும்பி நண்பகல்வரை உறங்குவார்.

வெளியே தேடியதோடு அவர் நிற்கவில்லை. தனிமையை விரட்ட வீட்டையே நிரப்பினார். மனைவி இறந்து சில நாள்களில், யமேக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பாபர் என்னும் சிறுவன் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவனைப் பள்ளிக்கு அனுப்பிப் படிப்பித்தார். அன்னா வில்லியம்ஸ் அம்மையாரும் அங்கேயே தங்கினார். ஜோன்சன் எத்தனை மணிக்கு வந்தாலும் அவரோடு தேநீர் அருந்தாமல் படுக்கைக்குப் போவதில்லை. பட்டமில்லாத வைத்தியரான றொபேட் லெவெற் சேரிகளில் நடந்து திரிந்து ஏழைகளைப் பார்ப்பார்; கொடுப்பதை வாங்கிக்கொள்வார். பின்னாளில் டெமொலின்ஸ் என்னும் விதவையும், வேறு சிலரும் வந்தனர். இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கப் பொறாதவர்கள். வீட்டில் எந்நேரமும் சச்சரவு. பெரிய மனிதர்கள் இதைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஜோன்சனும் முறையிட்டுக் கடிதம் எழுதினார். ஆனால் ஒருவரையும் வெளியேற்றவில்லை. ஹொட்ஜ் என்ற பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குப் போவார். வேலையாளை அனுப்பினால் அவன் பூனையை வெறுப்பானே என்ற கரிசனை. இதைக் கருணை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அவர்களுக்கு அவர் தேவைப்பட்ட அளவுக்கு அவருக்கும் அவர்கள் தேவைப்பட்டனர்.

தன்னைத் திருத்தவும் அவர் முயலாமலில்லை. பாஸ்கு தோறும், பிறந்த நாள் தோறும், அதிகாலையில் எழுவதாகவும் சோம்பலை விடுவதாகவும் செபக் குறிப்பேட்டில் தீர்மானம் எழுதினார். அடுத்த ஆண்டு பார்த்தால் அதே தீர்மானம் திரும்பவும் இருக்கும். 55 வயதில், இதுவரை தீர்மானம் செய்தே காலம் போயிற்றென்று தம்மையே நொந்து எழுதினார். மதுவில் மட்டும் வென்றார். அளவோடு குடிக்கத் தம்மால் இயலாது, முற்றாக விடுவது இயலும் என்று கண்டுகொண்டு, பல ஆண்டுகள் தொடாமலே இருந்தார். அந்த இடத்தைத் தேநீர் பிடித்துக்கொண்டது. தேநீரைத் தாக்கி எழுதிய ஹன்வே என்பவருக்கு 1757இல் மறுப்பு எழுதியவர், தாம் திருந்தாத தேநீர்க்காரர் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். (அது சீனத்துத் தேயிலை. நமது மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் எழுந்தது 1867இல், அவர் இறந்து 80 ஆண்டுகளுக்குப் பின்னர்.)

மனம் கலங்கும் வேளைகளில் கணக்குப் போடுவது அவருடைய மற்றொரு மருந்து. ஒருமுறை நாட்டின் கடனாகிய 18 கோடிப் பவுணை வெள்ளியாக்கினால் பூகோளத்தைச் சுற்றி ஒரு வளையம் போடலாமென்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். இரசாயனப் பரிசோதனைகளிலும் கையைச் சுட்டுக்கொண்டார். 1764இல் றெனோல்ட்ஸுடன் சேர்ந்து நண்பர் கழகம் ஒன்றை அமைத்தார். வாரம் ஒருநாள் மாலை கூடுவர். எட்மண்ட் பேர்க், கோல்ட்ஸ்மித் போன்றோர் அதில் இருந்தனர். தம்மைப் போலவே மனச்சோர்வுற்ற பொஸ்வெலுக்கு அவர் எழுதிய ஆலோசனை சுருக்கமானது: வேலையில்லாதபோது தனித்திராதே, தனித்திருக்கும்போது வேலையின்றி இராதே என்பது அதன் சாரம். பேர்ட்டன் என்பாரின் பழைய நூலில் வாசித்ததைத் தம் அனுபவத்தால் திருத்தி எழுதியது அது.

1759 தை மாதத்தில் தாயார் இறந்தபோது, அடக்கச் செலவுக்காக ஒரே வாரத்து மாலைகளில் எழுதிய கதை ராசெலாஸ். அதில் ஒரு வானசாஸ்திரி வருகிறார். பல்லாண்டு தனியே இருந்து வானத்தை ஆராய்ந்தவர். மழையையும் வெயிலையும் தாமே ஆணையிட்டு நடத்துவதாக மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறார். அந்தப் பாரம் அவரை வாட்டுகிறது. அவரைக் குணமாக்குவது தர்க்கமன்று. அன்புள்ளவர்களோடு நாள்தோறும் பழகப் பழக, அந்த எண்ணம் பனிபோல் விலகுகிறது. தனியே விழும்போது மட்டும் திரும்பி வருகிறது. எழுதியவர் தம் கதையையே எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1766இல் பழைய நோய் முற்றியது. பல வாரம் அறையை விட்டே வெளிவரவில்லை. ஹென்றி த்ரேல் என்ற செல்வந்தரும் மனைவி ஹெஸ்டரும் ஒருநாள் பார்க்கச் சென்றபோது, புத்தியைக் காத்தருளும்படி முழந்தாளிட்டு இறைவனை மன்றாடிக்கொண்டிருந்தார். அவர்கள் அவரை ஸ்ற்றெத்தத்திலுள்ள தம் மாளிகைக்கு அழைத்துச் சென்று பல மாதங்கள் பராமரித்தனர். பின்னர் ஏறக்குறைய 16 ஆண்டுகள் அங்கே அவருக்கென ஓர் அறை இருந்தது. குழந்தைகளின் சத்தம், ஒழுங்கான சாப்பாட்டு வேளை, இரவில் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர். அவருக்கு வேறென்ன வேண்டும்? 1775இல் அக்குடும்பத்தோடு பாரிஸுக்கும் போனார். அங்கிருந்த ஆங்கில ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் அவரை அன்போடு உபசரித்து, எப்போது வந்தாலும் தங்க ஓர் அறை உண்டென்று சொன்னதை மகிழ்ச்சியோடு நினைவுகூர்வார்.

பின்னர் ஒவ்வொருவராகப் பிரிந்தனர். 1781இல் த்ரேல், 1782 தை மாதத்தில் லெவெற், 1783இல் அன்னா அம்மையார். அந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஓர் இரவு பக்கவாதம் தாக்கிப் பேச்சு நின்றுபோனது. புத்தி இருக்கிறதா என்று சோதிக்க மனதுக்குள் இலத்தீனில் ஒரு செபத்தைச் செய்யுளாக ஆக்கிப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக இல்லை, அதைத் தம்மால் உணர முடிகிறது என்பதிலேயே ஆறுதல் கொண்டார். சில நாள்களில் பேச்சும் திரும்பியது. 1784இல் ஹெஸ்டர் அம்மையார் பியோற்சி என்ற இத்தாலியச் சங்கீத ஆசிரியரை மணந்தார். மணமகன் அந்நியர், அதிலும் கத்தோலிக்கர். ஜோன்சன் சினந்து எழுதிய கடிதத்தால் அந்த நட்பு முறிந்தது. அவருடைய வாழ்வில் பாராட்ட முடியாத செயல்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அந்தச் சினத்துக்கு அடியில் இருந்தது, தம்மை மறுபடி தனியே விட்டுவிட்டார்களே என்ற பயம்.

அதற்குள் 1783 மார்கழியில், 74ஆவது வயதில், எசெக்ஸ் ஹெட் என்ற தவறணையில் வாரம் மூன்று நாள் கூடும் புதிய கழகமொன்றைத் தொடங்கியிருந்தார். மூச்சிரைப்போடும் வீங்கிய கால்களோடும் அங்கே போய்வந்தார். மரணம் நெருங்கியபோது தெளிந்த மனதோடு இறைவனிடம் போகவேண்டுமென்று அபின் மருந்தை மறுத்துவிட்டார். 1784 டிசம்பர் 13ஆந் திகதி மாலை உயிர் பிரிந்தது. பிரான்சிஸ் பாபருக்கு ஆண்டுக்கு 70 பவுண் கிடைக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார். பாபர் தம் மனைவி மக்களோடு, எசமான் பிறந்த லிச்ஃபீல்டுக்கே போய்க் குடியேறினார்.