ஏரியைப் படித்த டாக்டர்

விஞ்ஞானி என்றால் நமக்கு நியூட்டன், எடிசன், மிஞ்சிப் போனால் நம் சர்.சி.வி.ராமன். ஒரே ஒரு ஏரியை ஆயுள் முழுக்கப் படித்த ஒரு மனிதரைப் பற்றி நான் சொல்கிறேன். பெயர் பிரான்சுவா அல்போன்ஸ் ஃபொரல். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோர்ஜ் என்ற சிற்றூரில் 1841-இல் பிறந்தார்.

அவருடைய அப்பா பழம்பொருள் ஆராய்ச்சியில் பைத்தியம். 1854-இல் மோர்ஜ் கரையோரத் தண்ணீருக்குள் ஆதிமனிதர்கள் நட்ட வீட்டுக் கால்கள் தெரிந்தன. மோர்லோ என்ற நண்பர் கண்ணாடி பதித்த வாளி போன்ற ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே இறங்க, ஃபொரலின் அப்பாவும் இன்னொருவரும் படகில் இருந்து பம்பில் காற்று அடித்தார்கள். கை நின்றால் உள்ளே இருப்பவர் கதை முடிந்தது! அப்போது மகனுக்கு 13 வயது. எங்க வீட்டில் படிப்பைப் பற்றிப் பேச ஆள் இல்லாததாலோ என்னவோ, இந்த இடத்தை மட்டும் நான் நாலு தடவை படித்தேன்.

மகன் டாக்டருக்குப் படித்தார். லோசானில் உடற்கூறு பாடம் நடத்தினார். ஏரி அவர் வேலையே இல்லை. 1869-இல் அடிமணலில் அலை போடும் வரிகளைப் பார்க்க ஆழத்துச் சேற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உள்ளே ஒரு புழு உயிரோடு நெளிந்தது. ஏரி ஆழத்தில் உயிரே கிடையாது என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அப்புறம் கயிற்றில் வாரி கட்டி இறக்கி, 300 மீட்டர் ஆழம் வரை சேற்றை அள்ளிப் பார்த்தார்.

இன்னொரு புதிர். ஏரி மட்டம் காரணமில்லாமல் ஏறும், இறங்கும். ஃபொரல் பெரிய மெஷின் எதுவும் தேடவில்லை. கரையில் ஒரு தொட்டி, ஏரிக்கும் தொட்டிக்கும் ஒரு குழாய், குழாய்க்குள் மிதக்கும் தக்கை, அவ்வளவுதான். தக்கை எந்தப் பக்கம் போகிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறித்தார். தாம்பாளத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இப்படியும் அப்படியும் ஆடுமே, அதேதான்! காற்றும் காற்றழுத்தமும் ஒரு பக்கம் தள்ள, 70 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஏரி மொத்தமும் ஒரு தடவை ஆடி வர ஏறத்தாழ 73 நிமிடம். 1876-இல் மட்டத்தைத் தானே வரையும் கருவியும் மோர்ஜில் வைத்தார்.

தண்ணீரின் நிறத்தை அளக்க மயில்துத்தக் கரைசலையும் பொட்டாசியம் குரோமேட்டையும் பல அளவில் கலந்து குழாய்களில் அடைத்தார். நீலத்தில் தொடங்கி மஞ்சள் வரை வரிசை. ரெண்டுமே நம்ம கெமிஸ்ட்ரி லேபில் இருக்கிற சாமான். நாம் ரீடிங் எழுதிவிட்டுக் கொட்டிவிடுகிறோம்! பின்னால் ஊலே என்பவர் வரிசையை நீட்டினார். இன்றைக்கும் ஃபொரல்–ஊலே அளவுகோல் என்றே பெயர்.

அவர் வசதியான வீட்டுப் பிள்ளைதான், பஸ் பாஸுக்கு அலைந்தவர் இல்லை. அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அந்தத் தொட்டிக்கும் தக்கைக்கும் என்ன செலவு ஆகியிருக்கும்?

1892 முதல் 1904 வரை மூன்று பாகமாக ஏரியைப் பற்றி எழுதி முடித்தார். ஏரி இயல் என்ற துறையே அதில்தான் பிறந்தது. 1912-இல் அதே மோர்ஜில் இறந்தார். பின்னாளில் ழாக் பிக்கார் கட்டிய சின்ன நீர்மூழ்கிக்கு ஃபொரல் பெயரை வைத்தார்கள். அவர் கயிறு போட்டு அள்ளிய சேற்றை, அதில் இறங்கியவர்கள் கண்ணாடி வழியே நேரிலேயே பார்த்தார்கள்.