46 கிலோ டு 12 கிலோ... பழைய செயின்சாவைக் கழற்றினால் உள்ளே ஒரு வாழ்க்கை!

ராத்திரி தூக்கம் வராம போனைத் தள்ளிக்கிட்டே இருக்கும்போது அந்த வீடியோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். துருப்பிடித்துக் கிடக்கும் ஏதோ ஒரு பழைய மெஷின். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ரெண்டு கை மட்டும் தெரியும். ஸ்க்ரூவைக் கழற்றுவாங்க, அழுக்கைச் சுரண்டுவாங்க, கடைசியில் கயிற்றை ஒரு இழு இழுத்தா... டுர்ர்ர்! ஸ்டார்ட் ஆயிடும். பார்த்து முடிச்சா மனசுக்கு ஏதோ ஒரு நிம்மதி.

இந்த வீடியோக்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு ஹீரோ, 1959-ல் ஜெர்மனியில் வெளிவந்த 'கான்ட்ரா' செயின்சா. மரம் அறுக்கும் மெஷின்தான். இதைத் தேடிப் பிடிச்சு ஓடவைக்கிறதையே பொழுதுபோக்கா வச்சிருக்கிறவங்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய பேர். இன்னிக்கு நாமும் ஒண்ணைக் கழற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு பாகத்தையும் வெளியே எடுக்க எடுக்க, அதைச் செய்த ஆண்ட்ரியாஸ் ஷ்டீலின் வாழ்க்கையும் கூடவே வரும்.

முதல்ல தூக்கிப் பாருங்க

எடை சுமார் 12 கிலோ. இன்றைய மெஷின்களைத் தூக்கிப் பழகிய கைக்கு இது பாரம். ஆனா, இந்த 12 கிலோவுக்கு வந்து சேர அந்த மனிதருக்கு 30 வருஷத்துக்கு மேல் ஆனது.

ஷ்டீல் 1896 நவம்பர் 10-ம் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தவர். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். 1926-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி தொடங்கியபோது அவருக்கு வயது 29. உங்களில் பலரோட வயசுதான்.

அந்தக் காலத்தில் காட்டில் மரம் வெட்டுவது என்றால் கோடாரி, இல்லைன்னா ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கும் நீளமான ரம்பம். முதுகு ஒடியும். வெட்டிய மரத்தை மில்லுக்கு இழுத்துக்கொண்டு போனால்தான் மெஷினில் அறுக்க முடியும். ஷ்டீல் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். மரம் மெஷினைத் தேடி வருவதற்குப் பதிலாக, மெஷின் மரத்தைத் தேடிப் போனால்? 1926-ல் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவைச் செய்தார். அதைப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். அதைவிடப் பெரிய சிக்கல், நடுக்காட்டில் கரன்ட்டுக்கு எங்கே போவது?

1929-ல் பெட்ரோலில் ஓடும் மெஷின் வந்தது. 6 குதிரைத்திறன், 46 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டை! அதைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஏறுவதைக் கொஞ்சம் கற்பனை செஞ்சு பாருங்க.

ஒரு விஷயத்தைச் சரியாச் சொல்லிடணும். செயின்சாவைக் கண்டுபிடித்தவர் இவர் ஒருத்தர் மட்டும்னு இணையத்தில் படிச்சா நம்பாதீங்க. இதே ஜெர்மனியில் எமில் லெர்ப் என்பவர் 1927-லேயே பெட்ரோல் செயின்சாவை டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டிவிட்டார். ஷ்டீலின் தனித்தன்மை, எடையைக் குறைக்கும் வேலையைக் கடைசிவரை விடாமல் செய்ததில் இருக்கிறது.

கார்புரேட்டரைக் கழற்றுங்க

வருஷக்கணக்கா கிடந்த செயின்சா ஸ்டார்ட் ஆகலைன்னா மூணு விஷயம் பார்க்கணும். கயிற்றை மெதுவா இழுக்கும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரிஞ்சா கம்ப்ரெஷன் இருக்கு. அடுத்தது ஸ்பார்க். பிளக்கில் பொறி வரலைன்னா, உள்ளே இருக்கும் பாயின்ட்டில் துரு படிந்திருக்கலாம். அதை மெல்லத் தேய்த்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

மூணாவது, பெட்ரோல். பெரும்பாலும் வில்லன் இங்கேதான் இருப்பான். கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். பல வருஷத்தில் அது காய்ந்து விறைத்துப் போயிருக்கும். புதுசு மாற்றினால் போதும், பெட்ரோல் ஏற ஆரம்பிச்சிடும்.

அந்தச் சவ்வைத் தூக்கி எறியும் முன்னாடி ஒரு தடவை பாருங்க. பழைய பைக்கை ரொம்பச் சாய்த்தால் பெட்ரோல் ஒழுகும் இல்லையா? மிதவை வைத்த கார்புரேட்டரோட குணம் அது. மரம் வெட்டும்போது மெஷினைக் குப்புறவும் பக்கவாட்டிலும் திருப்ப வேண்டியிருக்கும். மிதவை வைத்த பழைய செயின்சாக்களுக்கு இது பெரிய தலைவலி. சவ்வு வைத்த கார்புரேட்டர் எந்தக் கோணத்திலும் வேலை செய்யும்.

1950-லேயே ஒரு ஆள் தனியாகப் பிடிக்கக்கூடிய, 16 கிலோ எடையுள்ள பெட்ரோல் செயின்சாவை ஷ்டீல் கொண்டுவந்துவிட்டார். 1959-ல் வந்த கான்ட்ராவில் இந்தச் சவ்வு கார்புரேட்டர் இருந்தது. கியர்பாக்ஸும் இல்லை. இன்ஜின் நேராகச் சங்கிலியைச் சுற்றியது. 1929-ல் 46 கிலோவில் கிடைத்த அதே 6 குதிரைத்திறன் இப்போது 12 கிலோவில்! அமெரிக்காவில் இதற்கு வைத்த பெயர், லைட்னிங். மின்னல்.

துருவை என்ன செய்யப் போறீங்க?

ரெஸ்டோரேஷன்காரர்களுக்குள் ஓயாத சண்டை ஒண்ணு உண்டு. பழைய மெஷினுக்குப் புது பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு ஆக்கணுமா, இல்லை, அடிபட்ட தழும்போட அப்படியே விடணுமா?

ஷ்டீலின் கதையைச் சொல்பவர்களுக்கும் இதே கேள்வி வருகிறது. 1929-லிருந்து நேராக 1950-க்குத் தாவினால் அழகான வெற்றிக் கதை கிடைக்கும். நானும் மேலே அப்படித்தான் தாவினேன், கவனிச்சீங்களா? அந்த இடைவெளியில் ஹிட்லரின் ஆட்சி இருக்கிறது. ஷ்டீல் நாஜிக் கட்சியில் உறுப்பினர். எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினர். போரின்போது 1944-ல் அவருடைய தொழிற்சாலை குண்டுவீச்சில் நாசமானது. போர் முடிந்ததும் அவரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். வெளியே வந்த பிறகு, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள வைப்லிங்கன் பகுதியில் இருந்துதான் மறுபடி எழுந்தார்.

மரம் வெட்டும் தொழிலாளியின் முதுகு வலியைப் பார்த்து மெஷின் செய்தவரும் இவர்தான். அந்தக் கொடூரமான அமைப்பில் பெயரைப் பதிந்துகொண்டவரும் இவர்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது. நல்ல மெஷினைச் செய்ததால் பழைய கறை போய்விடாது. கறை இருப்பதால் கையில் இருக்கும் 12 கிலோ மறுபடி 46 ஆகவும் போவதில்லை. ரெண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவருடைய வாழ்க்கை.

1971-ல் அவருடைய கம்பெனி செயின்சா விற்பனையில் உலகின் முதலிடத்துக்கு வந்தது. 1973 ஜனவரி 14-ம் தேதி, 76 வயதில் ஷ்டீல் இறந்தார். மகன் ஹான்ஸ் பீட்டர் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

இழுக்கும் முன் ஒரு நிமிஷம்

சரி, எல்லாம் மாட்டியாச்சு. பெட்ரோலை அப்படியே ஊற்றிடாதீங்க. இது டூ-ஸ்ட்ரோக். ஆயில் கலக்காமல் ஓட்டினால், இத்தனை நாள் உழைத்துத் தேற்றிய பிஸ்டன் சில நிமிஷத்தில் ஜாம் ஆகிவிடும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். கான்ட்ரா வந்த காலத்தில் செயின் பிரேக் கிடையாது. சங்கிலி எதிலாவது பட்டு மெஷின் முகத்தை நோக்கித் துள்ளினால் அதை நிறுத்த எதுவும் இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பரும் இல்லை. இதை நாள் முழுக்கப் பிடித்து வேலை செய்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும் நோயே வந்தது. முதுகில் இருந்து இறக்கிய பாரத்தில் கொஞ்சம் விரலுக்குப் போய்விட்டது. அதிர்வுத் தடுப்பு 1960-களில்தான் வந்தது.

அதனால், ஓடவைத்த சந்தோஷத்தில் மரத்தில் வைத்துப் பார்க்கலாம்னு கிளம்பிடாதீங்க. செயினைக் கழற்றிவிட்டு, காதை மூடிக்கொண்டு, அனுபவம் உள்ள மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் ஓட்டிக் கேளுங்க. புகை கலையட்டும். அப்புறம் ஷெல்ஃபில் வையுங்க. யாராவது வந்து இது என்னன்னு கேட்டால், 12 கிலோ கதையைச் சொல்லுங்க. நடுவில் இருக்கும் அந்த இருபது வருஷத்தையும் விடாம சொல்லுங்க.