அப்பா பெயரும் அதே... மகன் பெயரும் அதே!



உங்கள் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்களா? அப்படி இருந்தால் வருகைப் பதிவேடு எடுக்கும்போது ஆசிரியர் என்ன செய்வார்? இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவார். இனிஷியலும் ஒன்றாக இருந்துவிட்டால்? பெரியவன், சின்னவன் என்று பிரித்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் சமாளித்தேன்.

நம் வீடுகளில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஐரோப்பாவிலோ அப்பாவின் பெயரையே மகனுக்கும் வைக்கும் வழக்கம் உண்டு. ஆஸ்திரியா நாட்டில் அப்படி ஒரே பெயரில் வாழ்ந்த ஓர் அப்பா, மகன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இருவர் பெயரும் யோஹான் ஸ்ட்ராஸ். இருவரும் வியன்னா நகரத்துக்காரர்கள். இருவரும் வயலின் வாசித்தார்கள், இசையமைத்தார்கள். குழப்பம் வராமலிருக்க நாமும் பெரிய ஸ்ட்ராஸ், சின்ன ஸ்ட்ராஸ் என்றே வைத்துக்கொள்வோமா?

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்று புகழ்பெற்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் ஒருவரும் உண்டு. 1864ல் மியூனிக் நகரில் பிறந்தவர். அவர் இவர்களுக்கு உறவினர் அல்லர். விநாடி வினாவில் மாற்றி எழுதிவிடாதீர்கள்!

தாயும் தந்தையும் இல்லாத சிறுவன்

பெரிய ஸ்ட்ராஸ் 1804ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய அப்பா சிறிய விடுதி ஒன்றை நடத்தி வந்தார். ஏழு வயதில் அம்மா இறந்துபோனார். பன்னிரண்டு வயதில் அப்பாவும் டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டார். இந்த ஆற்றின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

அந்தச் சிறுவனைப் புத்தகம் பைண்டு செய்யும் ஒருவரிடம் தொழில் கற்க அனுப்பினார்கள். அவன் மனம் முழுவதும் வயலினில்தான் இருந்தது. பைண்டிங் தொழிலையும் கற்று முடித்தான், வயலினையும் விடவில்லை. வளர்ந்ததும் இசைக்குழுக்களில் வாசித்து, பிறகு தனக்கென்று ஒரு குழுவை அமைத்தார் பெரிய ஸ்ட்ராஸ்.

அந்தக் காலத்தில் வியன்னா மக்களுக்கு ‘வால்ட்ஸ்’ என்ற நடனத்தின் மீது அப்படி ஒரு மோகம்! ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று சுழன்று சுழன்று ஆடும் நடனம் அது. இசை வகுப்புக்குப் போகிறவர்கள் ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். இந்த வால்ட்ஸ் இசையில் பெரிய ஸ்ட்ராஸ் பெரும்புகழ் பெற்றார். பல நாடுகளுக்குச் சென்று வாசித்தார். 1838ல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணிக்கு முடிசூட்டு விழா நடந்தபோது லண்டனிலும் அவருடைய இசை ஒலித்தது.

வீட்டுக்குள் தடை

1825 அக்டோபர் 25 அன்று அவருக்கு மூத்த மகன் பிறந்தான். அவன்தான் சின்ன ஸ்ட்ராஸ். ஆறு வயதிலேயே அவன் ஒரு சிறிய வால்ட்ஸ் இசையை உருவாக்கினான். அம்மா அன்னா அதை எழுதி வைத்தார்.

அப்பாவுக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! மகன் இசைக்கலைஞன் ஆகவே கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நிலையான வருமானம் வரும் வங்கி வேலைக்கு அவன் போக வேண்டும் என்று விரும்பினார்.

சின்ன ஸ்ட்ராஸுக்கோ வயலின் இல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவின் குழுவில் வாசித்த ஒருவரிடமே ரகசியமாக வயலின் கற்றுக்கொண்டான். ஒருநாள் அப்பாவிடம் பிடிபட்டுச் செம்மையாக அடி வாங்கினான் என்று சொல்வார்கள். அம்மாதான் அவனுக்குத் துணையாக நின்றார்.

பிறகு பெரிய ஸ்ட்ராஸ் குடும்பத்தை விட்டுத் தனியாகப் போய்விட்டார். அந்தப் பிரிவு வீட்டில் எல்லோருக்கும் வேதனையைத் தந்தது. ஆனால் அதன் பிறகு சின்ன ஸ்ட்ராஸ் ஒளிந்து ஒளிந்து வயலின் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஒரு மாலை

1844ல் தானும் ஒரு இசைக்குழுவைத் தொடங்க சின்ன ஸ்ட்ராஸ் முடிவு செய்தான். நகர நிர்வாகத்திடம் அனுமதியும் வாங்கிவிட்டான். ஆனால் வாசிக்க இடம் வேண்டுமே? பெரிய ஸ்ட்ராஸின் கோபத்துக்கு ஆளாகிவிடுவோமோ என்று அரங்குகளின் சொந்தக்காரர்கள் தயங்கினார்கள். கடைசியில், ஹீட்ஸிங் என்ற பகுதியில் இருந்த டொம்மாயர் அரங்கு அவனுக்குக் கிடைத்தது.

அக்டோபர் 15 மாலை. பத்தொன்பது வயது நிறைய இன்னும் பத்து நாள் இருந்தது. அரங்கில் கூட்டம் அலைமோதியது. வந்தவர்களில் பலர் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்டு, அப்பாவின் ஊரிலேயே, அப்பாவுக்கே போட்டியாக ஒரு பையன் வருகிறான் என்றால் சும்மாவா?

சின்ன ஸ்ட்ராஸ் தன்னுடைய சொந்த இசையை வாசித்தான். மக்கள் விடவில்லை. மறுபடியும் மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்! வெற்றி உறுதியாகிவிட்டது.

நிகழ்ச்சியின் முடிவில் அவன் என்ன செய்தான் தெரியுமா? தன்னுடைய குழுவைக் கொண்டு, தன் அப்பா இசையமைத்த வால்ட்ஸ் ஒன்றை வாசித்தான்! தன்னைத் தடுத்த அப்பாவுக்கு அந்த மேடையிலேயே மரியாதை செய்தான். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

எதிரெதிர் அணியில்

அப்பாவும் மகனும் உடனே கைகோத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1848ல் வியன்னாவில் அரசாட்சியை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. பெரிய ஸ்ட்ராஸ் அரச பக்கம் நின்றார். பேரரசின் படைத்தளபதி ராடெட்ஸ்கியைப் பாராட்டி, ‘ராடெட்ஸ்கி அணிவகுப்பு’ என்ற இசையை அமைத்தார். சின்ன ஸ்ட்ராஸின் மனம் புரட்சிக்காரர்கள் பக்கம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் பாடலான மார்செய்யேஸை வாசித்ததற்காகப் போலீஸ் அவரை விசாரித்தது.

மறு ஆண்டு, 1849 செப்டம்பர் 25 அன்று, செங்காய்ச்சல் என்ற தொற்றுநோயால் பெரிய ஸ்ட்ராஸ் இறந்துபோனார். வயது 45தான். மகன் தன் குழுவையும் அப்பாவின் குழுவையும் ஒன்றாக்கினார். இரண்டு குழுக்களின் சுமையும் இருபத்துமூன்று வயது இளைஞரின் தோளில் விழுந்தது.

அப்பா வகித்த அரசவை நடன இசை இயக்குநர் பதவி அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. அரண்மனை புரட்சிக்காலத்தை மறக்கவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து 1863ல்தான் அதைப் பெற்றார். இடையில் ஓயாத உழைப்பால் 1853ல் உடல்நலம் கெட்டது. அப்போது தம்பி யோசஃப் குழுவை நடத்திக் கொடுத்தார். யோசஃப் ஒரு பொறியாளர். குதிரை இழுக்கும் தெருக்கூட்டும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தவர்! அவரும் பிறகு இசைக்கே வந்துவிட்டார்.

நீல நதி

1866ல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் ஆஸ்திரியா தோற்றது. மக்கள் சோர்ந்து கிடந்தார்கள். அந்தச் சமயத்தில்தான், 1867 பிப்ரவரி 15 அன்று, சின்ன ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’ வியன்னாவில் அரங்கேறியது. அதே டான்யூப்தான்! தாத்தாவின் உயிரைக் கொண்டுபோன ஆற்றுக்குப் பேரன் இசை கொடுத்தார்.

முதலில் அது குழுவாகப் பாடும் பாட்டாக வந்தது. வரவேற்பு சுமார்தான். அதே ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வாத்திய இசையாக வாசித்தபோது, உலகமே அதைக் கொண்டாடியது. 1872ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பல்லாயிரம் பேர் பங்கேற்ற இசை விழாவை நடத்த அவரை அழைத்தார்கள். அவ்வளவு பேருக்கும் ஒருவர் கையசைவு தெரியுமா? அதனால் துணை நடத்துநர்கள் பலர் நின்று, அவரைப் பார்த்து அசைத்தார்கள்!

1874ல் ‘வௌவால்’ என்ற அவருடைய இசை நாடகம் மேடையேறியது. இன்றும் பல நாடுகளில் அதை நடத்துகிறார்கள். இத்தனை பேரை ஆட வைத்த அவருக்கு நடனமாடவே வராது என்று சொல்வார்கள். வேடிக்கைதானே!

வயதான காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். 1880களின் கடைசியில் பெரிய ஸ்ட்ராஸின் படைப்புகள் எல்லாம் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. தொகுத்தவர் யார்? சின்ன ஸ்ட்ராஸ்தான்! எந்த இசையைக் கற்கக்கூடாது என்று அப்பா அடித்தாரோ, அந்த அப்பாவின் இசை அழிந்துவிடாமல் காத்தவர் அந்த மகனே.

1899 ஜூன் 3 அன்று நிமோனியா காய்ச்சலால் சின்ன ஸ்ட்ராஸ் காலமானார்.

இன்றும் ஒரே மேடையில்

அவர் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதை 2025ல் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு மே 31 அன்று, ஐரோப்பிய விண்வெளி முகமை ‘நீல டான்யூப்’ இசையை ரேடியோ அலையாக மாற்றி விண்வெளிக்கே அனுப்பியது.

அதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு புத்தாண்டு தினத்திலும் வியன்னாவில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடக்கிறது. பல நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அதை எப்படி முடிப்பது வழக்கம் தெரியுமா? முதலில் மகனின் ‘நீல டான்யூப்’. அதை அடுத்து அப்பாவின் ‘ராடெட்ஸ்கி அணிவகுப்பு’. இதற்கு அரங்கமே தாளத்துக்கு ஏற்பக் கைதட்டும். வாழ்ந்த காலத்தில் போட்டியாளர்களாக நின்ற இருவரும், இப்போது ஆண்டுதோறும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஒலிக்கிறார்கள்.

குழந்தைகளே, உங்களில் சிலருக்கு ஆசைப்பட்ட படிப்பு ஒன்றாகவும், வீட்டில் சொல்வது வேறாகவும் இருக்கலாம். அப்போது சின்ன ஸ்ட்ராஸை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் ஆசையையும் விடவில்லை, அப்பா மீது வைத்த மதிப்பையும் விடவில்லை. பெரிய ஸ்ட்ராஸின் பயத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து கஷ்டப்பட்டு வந்தவர் அல்லவா?

அடுத்த புத்தாண்டு அன்று வாய்ப்புக் கிடைத்தால் அந்த நிகழ்ச்சியைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இசைக்கு எல்லோரும் சேர்ந்து கைதட்டலாம்!